நெரையும் நிரையும்

போன வருடம் தைப்பூச விடுமுறையன்று காலையில் எனக்கு ஒரு குரல் பதிவு வந்தது. அனுப்பியவர் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, முப்பது வருடம் அங்கேயே பால்மரம் வெட்டியவர். தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டமான பிறகு சுங்கைப் பட்டாணிக்குக் குடிவந்துவிட்டார். அவருடைய முதல் கட்டுரை அந்த வாரம்தான் எங்கள் இதழில் வெளியாகியிருந்தது. செப்பனிட்டவன் நான்.

“தம்பி, கட்டுரைய பாத்தேன். பேத்தி படிச்சிக் காட்டுனா. நல்லா இருக்கு. நெரைய மட்டும் நிரைன்னு மாத்திட்டீங்க. நீங்க படிச்சவங்க, சரியாத்தான் இருக்கும். ஆனா எங்க தோட்டத்துல நிரை இல்ல தம்பி, நெரைதான் இருந்துச்சு. பரவால்ல.”

அந்தப் ‘பரவால்ல’வை நான் நாலைந்து முறை திரும்பத் திரும்பக் கேட்டேன். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லித் தப்பித்திருப்பேன்.

கோப்பைத் திறந்து அவர் அனுப்பிய மூலத்தையும் நான் வெளியிட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நெரையை நிரை ஆக்கியிருந்தேன். பெரட்டுக்களத்தை ‘வருகைப் பதிவுத் திடல்’ என்று மாற்றியிருந்தேன். (இதை இப்போது எழுதும்போதும் காது சூடாகிறது.) காண்டா வாளியில் இருந்த ‘காண்டா’வை மலாய்ச் சொல் என்று தூக்கிவிட்டு வெறும் வாளி ஆக்கியிருந்தேன். பினாங்கில் வாரத்துக்கு மூன்று நாள் நாசி கண்டார் சாப்பிடுகிறவன், அந்தக் ‘கண்டார்’ தோளில் சுமக்கும் கம்பு என்று தெரிந்தவன், ஒரு கிழவியின் தோளில் இருந்த கம்பை எடுத்துப் போட்டிருக்கிறேன்.

இதெல்லாம் தோன்றியபடி செய்ததில்லை. என்னிடம் ஒரு நடைக் கையேடு இருந்தது. நாலு பக்கம். நண்பர்கள் இதழைத் தொடங்கியபோது, “நீதான் ஒழுங்கா செய்ற ஆளு, நீயே எடிட் பண்ணு” என்று என் தலையில் கட்டினார்கள். நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் படித்தவன். தமிழை எஸ்.பி.எம். வரைக்கும்தான் பாடமாகப் படித்தேன். பயத்தில் ஒரே இரவில் அங்கே இங்கே பார்த்து விதிகளைச் சேர்த்தேன். வட்டார வழக்கு உரையாடலில் மட்டும், பிறமொழிச் சொல் தவிர்க்க, வல்லினம் மிகும் இடங்கள், ஊர்ப்பெயர்கள். பாதி விதிகளைத் தேடி மாற்றும் கட்டளையாகவே எழுதி வைத்திருந்தேன். கட்டுரை வரும், ஓடவிடுவேன், பத்து நிமிடத்தில் சுத்தம்.

நான் வேலை செய்யும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஒரு திருகாணியை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்குக்கூட ஆவணம் உண்டு. ஒவ்வொரு ஆவணத்திலும் முதல் பக்கத்தில் ஓர் அட்டவணை இருக்கும்: திருத்த எண், தேதி, மாற்றியவர், காரணம். காரணக் கட்டம் காலியாக இருந்தால் தணிக்கையில் மாட்டிக்கொள்வோம். என்னுடைய நாலு பக்கத்தில் அந்த அட்டவணை இல்லை. நிரை என்று எழுத வேண்டும் என யார் எப்போது எதற்காக முடிவு செய்தார்கள்? எனக்குத் தெரியவில்லை. அதுதான் என்னை இந்தப் பக்கம் இழுத்துவிட்டது. நடைக் கையேடு என்ற பொருளே எங்கிருந்து வந்தது என்று வாசிக்க ஆரம்பித்தேன். வழி நேராக ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஓர் அச்சகத்துக்குப் போனது.

ஹொரஸ் ஹார்ட் 1840இல் பிறந்தவர். இளைஞராக லண்டன் அச்சகம் ஒன்றில் வேலை பார்த்தபோதே, 1864இல், கூட வேலை செய்த சில பிழைதிருத்துநர்களோடு சேர்ந்து விதிகளைத் தொகுக்கத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்துநாலு. 1883இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது. உலகத்தின் மிகக் கடினமான அச்சுவேலை ஒன்று அங்கே நடந்துகொண்டிருந்தது: ஜேம்ஸ் மர்ரேயின் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. அதன் முதல் பகுதி 1884இல் வெளிவந்தது. விதவிதமான எழுத்துருக்கள், பல மொழிகளின் சொற்பிறப்புகள், சீட்டுச் சீட்டாக வரும் கையெழுத்துப் பிரதி. அந்தச் சூழலில் 1893இல் ஹார்ட் தம் விதிகளை 24 பக்கச் சிறு நூலாக அச்சிட்டார். தலைப்பிலேயே அது யாருக்கு என்று இருந்தது: அச்சுக்கோப்பவர்களுக்கும் பிழைதிருத்துநர்களுக்கும். எழுத்தாளர்களுக்கு என்று அதில் இல்லை. விற்பனைக்கும் இல்லை.

ஏன் அச்சுக்கோப்பவருக்கு? இதைப் புரிந்துகொள்ள அன்றைய கூலிமுறையைப் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் அச்சகங்களில் பலருக்குத் துண்டுக்கூலி. ஆயிரம் எழுத்து அளவுக்கு இவ்வளவு என்று கணக்கு. பெட்டியின் முன்னால் நின்றபடி ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோக்க வேண்டும். முதல் மெய்ப்பில் அச்சுக்கோப்பவரின் பிழை என்று குறிக்கப்பட்டதை அவரே தம் நேரத்தில், கூலி இல்லாமல், சரிசெய்ய வேண்டும். ஆசிரியர் மனம் மாறிச் செய்த திருத்தம் என்றால் அதற்குத் தனிக் கூலி உண்டு, அதை ஆசிரியர் தலையில் எழுதுவார்கள். இப்போது ஒரு சொல்லுக்கு இரண்டு எழுத்துக்கூட்டல் புழக்கத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இவர் ஒன்றைக் கோக்கிறார். பிழைதிருத்துநர் மற்றதுதான் சரி என்று வட்டமிடுகிறார். அது யாருடைய பிழை? அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத ஒவ்வொரு முறையும் கோத்தவர் அரை மணி நேரக் கூலியை இழந்தார். விதி எழுதப்பட்டு எல்லார் சட்டைப் பையிலும் இருந்தால் சண்டை இல்லை.

எனக்கு இது பெரிய திறப்பாக இருந்தது. எழுத்துக்கூட்டல், கமா, இடைவெளி என்று நாம் அழகியலாகவோ இலக்கணமாகவோ பேசுவதெல்லாம் ஒரு காலத்தில் யாருடைய சம்பளத்திலோ கைவைத்த விஷயங்கள். இதற்கு இன்னும் கூர்மையான சாட்சி ரஷ்யாவில் இருக்கிறது. 1905 செப்டம்பரில் மாஸ்கோவில் சீத்தின் என்பவரின் அச்சகத்தில் அச்சுக்கோப்பவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வேலைநேரத்தைக் குறை, ஆயிரம் எழுத்துக்கான கூலியைக் கூட்டு, அந்த ஆயிரத்தில் நிறுத்தக்குறிகளையும் சேர்த்து எண்ணு என்பவை அவர்கள் கோரிக்கைகள். கமாவும் ஈயம்தானே, அதையும் கைதானே எடுத்துக் கோக்கிறது. மற்ற அச்சகங்கள் சேர்ந்தன, ரொட்டிக் கடைக்காரர்கள் சேர்ந்தார்கள், ரயில்வேக்காரர்கள் சேர்ந்தார்கள். அக்டோபருக்குள் நாடே நின்றுபோனது. ஜார் மன்னர் குடியுரிமைகளும் சட்டமன்றமும் தருவதாக அறிக்கை விட வேண்டியிருந்தது. ஒரு பேரரசு ஆட்டம் கண்டதற்குக் காரணங்கள் ஆயிரம் இருக்கும். ஆனாலும் கமாவுக்குக் கூலி கேட்ட கூட்டத்தை எந்த எடிட்டரும் மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

ஹார்ட் புரட்சிக்காரர் இல்லை. அவர் மேலாளர். அவருடைய விதிகள் தொழிலாளியை ஆசிரியரிடமிருந்து காப்பாற்றின, அதே சமயம் தொழிலாளியைக் கட்டவும் செய்தன. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் அந்தச் சிறு நூலில் ஓர் அடிக்குறிப்பு இருக்கிறது. அதற்காகவே எனக்கு மனிதரைப் பிடித்துப்போனது.

1896. கிளாட்ஸ்டன், நாலு முறை பிரிட்டனின் பிரதமராக இருந்தவர், ஓய்வுக்காலத்தில் பட்லர் என்ற பேராயரின் நூல்களைப் பதிப்பித்துக்கொண்டிருந்தார். அச்சு ஆக்ஸ்ஃபோர்டில். முதல் தொகுதி வந்ததும் அதில் ஒரு சொல் தவறாக அச்சாகியிருப்பதாக அவருக்குப் பட்டது. ஒன்றைக் கைவிடுதல் என்ற பொருளில் வரும் ஆங்கில வினைச்சொல், ‘ஃபோர்கோ’. நடுவில் ஓர் ‘இ’ இருக்க வேண்டும் என்றார். இரண்டாம் தொகுதியில் பிழைதிருத்தப் பட்டியலில் அதைச் சேர்க்கும்படி அச்சகத்துக்குச் சொல்லி அனுப்பினார். அச்சக விதிப்படி ‘இ’ கூடாது. ‘இ’ போட்டால் அது முன்னால் செல்லுதல் என்ற வேறு சொல்.

ஹார்ட் நினைத்திருந்தால் பெரிய மனிதர் சொல்கிறாரே என்று போட்டுவிட்டிருக்கலாம். அச்சக விதி இதுதான் என்று ஒற்றை வரியில் மறுத்திருக்கவும் முடியும். இரண்டையும் செய்யாமல் ஸ்கீட் எழுதிய சொற்பிறப்பு அகராதியை எடுத்து கிளாட்ஸ்டனுக்கு அனுப்பிவைத்தார், பாருங்கள் என்று. கிழவர் அசையவில்லை. கடைசியில் மர்ரேயிடம் கேட்டார்கள். அவரும் ‘இ’ கூடாது என்றதும், தனக்கென்னமோ ‘இ’ போடுவதுதான் பிடித்திருக்கிறது, ஆனால் ஆதாரத்துக்குக் கட்டுப்படுகிறேன் என்ற பொருளில் எழுதி கிளாட்ஸ்டன் விட்டுக்கொடுத்தார். இத்தனையையும் ஹார்ட் அந்த விதிக்குக் கீழே அடிக்குறிப்பாக அச்சிட்டு, முடிவில் தம் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டிருக்கிறார். விதி, ஆண்டு, காரணம், கையொப்பம். எங்கள் தொழிற்சாலைத் தணிக்கையாளர் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

முன்னாள் பிரதமருக்கு அகராதியைத் தபாலில் அனுப்பியிருக்கிறார்கள். சுங்கைப் பட்டாணி அம்மாவுக்கு நான் ஒரு வாட்ஸாப் செய்திகூட அனுப்பவில்லை. இருவரும் விட்டுக்கொடுத்தார்கள். கிளாட்ஸ்டனுக்குக் காரணம் கொடுக்கப்பட்டது. அம்மாவுக்கு நான் படித்தவன் என்பது மட்டுமே காரணமாக இருந்தது.

ஹார்ட் நூலின் பிற்காலம் எனக்கு இன்னொரு விதத்தில் முக்கியமாகப் பட்டது. உள்வேலைக்கு என்று அச்சிட்ட பிரதிகள் வெளியே கசிந்து விற்பனைக்கு வந்துவிட்டன. அது தெரியவந்ததும், யாரோ விற்பதற்கு நாமே விற்கலாம் என்று 1904இல் பதினைந்தாம் பதிப்பை முதல் முறையாகப் பொதுமக்களுக்கு வெளியிட்டார்கள். எழுத்தாளர்கள் வாங்கினார்கள், பத்திரிகைகள் வாங்கின, பள்ளிக்கூடங்கள் வாங்கின. ஹார்ட் 1915இல் ஓய்வுபெற்றார். அடுத்த ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே ஓர் ஏரியில் மூழ்கி இறந்தார். அவர் பெயரிலான விதிகள் 1983இல் 39ஆம் பதிப்பு வரைக்கும் போயின. 1989இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் தன் அச்சுக்கூடத்தை மூடிவிட்டது. யாருக்காக எழுதப்பட்டதோ அந்த ஆட்கள் போய்விட்டார்கள். நூல் மட்டும் புதிய பெயர்களில் இன்றுவரை வந்துகொண்டிருக்கிறது.

சிக்காகோவிலும் ஏறக்குறைய இதே கதை. 1891இல் தொடங்கிய பல்கலைக்கழகப் பதிப்பகம். பேராசிரியர்கள் கையெழுத்துப் பிரதியை நேராக அச்சுக்கோப்பவரிடம் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார்களாம், அதில் எபிரேயமும் எத்தியோப்பிய எழுத்தும் கலந்திருக்கும். தலை சுற்றிப்போன அச்சுக்கூடத்தார் ஒரு தாளில் விதிகளை எழுதி ஒட்டிக்கொண்டார்கள். தாள் துண்டுநூலாகி, 1906இல் புத்தகமானது. இன்று அதன் பதினெட்டாம் பதிப்பு ஆயிரம் பக்கங்களைத் தாண்டிவிட்டது. என் மேசைக்கு எதிரில் உட்காரும் ஆள் அதைக் கணினியை உயர்த்தி வைக்கப் பயன்படுத்துகிறார்.

தமிழுக்கு வருகிறேன். நம் பக்கத்திலும் பட்டறைதான் தொடக்கம். ஓலையில் எழுதியவர்கள் சொற்களுக்கு இடையே இடம் விடவில்லை, பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளியும் வைக்கவில்லை. வாசிப்பவருக்குத் தெரியும் என்ற நம்பிக்கை. அச்சு வந்ததும் முன்பின் தெரியாத வாசகர் வந்தார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர், பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர், 1849இல் வண்ணார்பண்ணையில் சொந்த அச்சகத்தை நிறுவினார். தமிழ் உரைநடையில் கமா, முற்றுப்புள்ளி, கேள்விக்குறி இவற்றை முறையாகப் பயன்படுத்தியவர் என்று அவரைச் சொல்கிறோம். சைவத்துக்காக மிஷனரிகளோடு மல்லுக்கட்டிய மனிதர், அவர்களுடைய கமாவை மட்டும் தயங்காமல் எடுத்துக்கொண்டார். பள்ளிப் பிள்ளைகள் தடுமாறாமல் வாசிக்க வேண்டும் என்பது அவருக்கு வேலையாக இருந்தது. வேலைக்கு உதவும் கருவி எங்கிருந்து வந்தால் என்ன.

அடுத்த பெரிய முடிவும் அச்சுப்பெட்டியைப் பார்த்தே எடுக்கப்பட்டது. 1935இல் பெரியார் தம் ‘குடி அரசு’ ஏட்டில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தார். தும்பிக்கை மாதிரி வளையும் பழைய லை, ளை, ணை, னை, சுழித்துக்கொண்டு போகும் பழைய ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகாரங்கள், ஆக 13 எழுத்துகளை மற்ற எழுத்துகளைப் போலவே எழுதலாம் என்றார். அவர் சொன்ன காரணங்கள் வெளிப்படையானவை: பிள்ளைகள் கற்பது எளிதாகும், அச்சுக்கோப்பதும் தட்டச்சும் எளிதாகும். அதே 1935இல்தான் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் வழியாகத் ‘தமிழ் முரசு’ பிறந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் பெரியார் மலாயாவுக்கு வந்துபோயிருந்தார். தமிழ்நாட்டு அரசு அந்த 13 எழுத்துகளை ஏற்று ஆணையிட்டது 1978 அக்டோபரில், எம்.ஜி.ஆர். ஆட்சியில். அறிமுகத்துக்கும் ஆணைக்கும் இடையே 43 ஆண்டுகள். பெரியார் இறந்தே ஏறக்குறைய ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன.

எங்கள் இதழின் கூட்டங்களுக்கு ஓர் ஐயா வருவார். இளமையில் ஈப்போவில் ஒரு தமிழ் அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தவர். அவரிடம் இந்தச் சீர்திருத்தத்தைப் பற்றிக் கேட்டேன். புகழ்வார் என்று எதிர்பார்த்தேன்.

“பெட்டி சின்னதாச்சு, அது உண்ம. ஆனா பழைய லை ஒரே கட்ட தம்பி. டக்குனு எடுத்து வெச்சிருவோம். புது லை ரெண்டு கட்ட. கொம்பு ஒன்னு, ல ஒன்னு. கைக்கு வேல கூடிச்சா கொறஞ்சிச்சா, நீயே சொல்லு, எஞ்சினியர்தானே நீ.”

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். “ஆனா என் மகன் சீக்கிரமா எழுதப் படிச்சிக்கிட்டான். அதனால நான் ஒன்னும் சொல்லல” என்றார். ஒரு விதியால் யாருக்கு வேலை கூடியது, யாருக்குக் குறைந்தது என்று இவ்வளவு சுருக்கமாக எந்த ஆய்வேட்டிலும் நான் படித்ததில்லை.

பெரியாரின் திட்டத்தில் அரசு ஏற்காமல் விட்டதும் உண்டு. ஐ, ஔ இரண்டையும் விட்டு அய், அவ் என்று எழுதுவது. பெரியார் இயக்கத்தவர் இன்றும் ‘அய்யா’ என்றுதான் எழுதுகிறார்கள். என் நாலு பக்கக் கையேட்டில் ஒரு கட்டளை இருந்தது: அய்யா என்பதை ஐயா என்று மாற்றுக. ஒருவருடைய கொள்கையைத் தேடி மாற்றும் கட்டளையால் அழித்துக்கொண்டிருந்திருக்கிறேன், அதுவும் எழுத்துப்பிழை என்று நினைத்து. நல்லவேளை, அப்படி எழுதுகிற யாரும் அதுவரை எங்களுக்கு எழுதியிருக்கவில்லை.

இந்த இடத்தில் மலாய்மொழியின் 1972ஐ நினைக்காமல் இருக்க முடியவில்லை. மலேசியப் பிள்ளைகளான நாம் இன்று எழுதுகிற ரூமி எழுத்துக்கூட்டல் அந்த வருடம் ஆகஸ்ட் 16இல் வந்தது. ‘ச்’ ஒலிக்கு நாம் ஆங்கிலேயர் வழியில் சி, எச் என்று இரண்டு எழுத்தும், இந்தோனேசியர்கள் டச்சுக்காரர் வழியில் டி, ஜே என்று இரண்டு எழுத்தும் எழுதிக்கொண்டிருந்தோம். இரு நாடும் தத்தம் பழைய எசமானரின் வழக்கத்தைக் கைவிட்டு ஒற்றை ‘சி’க்கு வந்தன. ஏன் என்று கேட்டால் பள்ளி ஆசிரியர் ஒரு வரியில் சொல்லிவிடுவார். ஆனாலும் பினாங்கில் செண்டோல் கடைப் பலகைகளில் பழைய ‘எச்’ இன்னும் கம்பீரமாக நிற்கிறது. யாரும் போய் அழிக்கவில்லை. செராஸும் தன் ‘எச்’சை வைத்துக்கொண்டிருக்கிறது. புது விதி பாடப்புத்தகத்தைப் பிடித்துக்கொண்டது. பெயர்ப்பலகையை அதன் சொந்தக்காரரிடம் விட்டுவிட்டது.

தமிழில் நவீனமான கையேடு இல்லையா என்றால், இருக்கிறது. மொழி அறக்கட்டளை தயாரித்த ‘தமிழ் நடைக் கையேடு’ 2000களின் தொடக்கத்தில் வந்தது. நிறுத்தக்குறி, சொல்லைச் சேர்ப்பது, பிரிப்பது எல்லாவற்றையும் எழுத்துப் புழக்கத்தைப் பார்த்துப் பேசும் நூல். ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’யையும் (முதல் பதிப்பு 1992) பக்கத்தில் வைத்துக்கொண்டால் ஒரு எடிட்டருக்குப் பாதிச் சண்டை தீரும். நான் என் கையேட்டைத் தயாரித்த இரவில் இவை இரண்டையும் புரட்டியிருந்தால் இவ்வளவு கேவலப்பட்டிருக்க மாட்டேன். ஆனால் அவை தமிழ்நாட்டில் செய்யப்பட்டவை. அங்குள்ள எழுத்தை முன்னால் வைத்துச் செய்தவர்களிடம் நம் ஊர்க் காரணங்களையும் எதிர்பார்ப்பது நியாயமில்லை. ‘கம்பம்’ என்று எழுதினால் தேனிக்காரருக்கு அது ஊர், மதுரைக்காரருக்குத் தூண். நமக்கு அது மலாய்க்காரர் வீடுகளும் தென்னையும் கோழிகளும். ‘ஐம்பது வெள்ளி கொடுத்தேன்’ என்றால் சென்னை வாசகர் நகைக்கடையை நினைப்பார். ரிங்கிட் என்று மாற்றினால் எல்லாருக்கும் புரியும், ஆனால் என் அப்பா வாழ்க்கையில் ஒருநாளும் ரிங்கிட்டில் கடன் வாங்கியதில்லை, வெள்ளியில்தான் வாங்கினார். இந்த முடிவுகளை நமக்காக வேறு யாரும் எடுக்க மாட்டார்கள். எடுக்கவும் கூடாது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுங்கைப் பட்டாணிக்குப் போனேன். கையில் அவர் கட்டுரையும் நான் மாற்றிய பதினான்கு சொற்களின் பட்டியலும். தேநீரும் உருண்டையும் கொடுத்துவிட்டு, “இதுக்காகவா இவ்ளோ தூரம் வந்தீங்க?” என்றார். ஒவ்வொரு சொல்லாகக் கேட்டேன். நெரை என்றதும் எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டார். எதிர்வீட்டுக் காடிகள் வரிசையாக நின்றன.

“இது நெரை இல்ல. இது சும்மா லைன். நெரைன்னா எனக்குன்னு குடுத்தது. விடியக்காலையில பெரட்டுல கங்காணி பேர் படிச்சி இத்தனாவது நெரைன்னு சொல்லுவாரு. அந்த மரமெல்லாம் எனக்குத் தெரியும். எது பால் நெறைய குடுக்கும், எது அழுகுணி மரம், எங்க பாம்பு படுக்கும். என் நெரையில இன்னொருத்தி வெட்ட முடியாது. காய்ச்சல்னு ஒருநாள் போகாட்டி, அன்னிக்கு என் நெரை சும்மாத்தான் நிக்கும், சம்பளமும் போச்சு.”

நிரை என்ற சொல்லுக்கு அகராதியில் வரிசை என்று பொருள் இருக்கிறது. சங்கப் பாட்டில் மாடுகள் நிரையாகப் போகும். நெரை அதன் பேச்சுவடிவம் என்று நான் நினைத்திருந்தேன், ஒலியளவில் அது சரிதான். அம்மா சொன்ன பொருள், கூலியும் உரிமையும் பயமும் சேர்ந்த அந்தப் பொருள், ‘நி’யில் ஏறவில்லை. பதினான்கில் பதினொன்றைப் பழையபடியே திருப்பி வைத்தேன். மூன்றை அவரே, “இத நீங்க எழுதுனதே நல்லா இருக்கு, இருக்கட்டும்” என்று விட்டுவிட்டார். அதில் ஒன்றில் எனக்கு உடன்பாடில்லை, இருந்தாலும் அவர் சொன்னபடியே வைத்தேன்.

பழைய நாலு பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டேன். இப்போது எங்களிடம் ஓர் அட்டவணை இருக்கிறது. விதி, தேதி, முடிவெடுத்தவர், காரணம், எங்கே பொருந்தாது. காரணம் எழுத முடியாத விதியைச் சேர்ப்பதில்லை. அதனால் அது மெதுவாகத்தான் வளர்கிறது, ஒரு வருடத்தில் முப்பத்தொன்றே விதிகள். தேடி மாற்றும் கட்டளை இரட்டை இடைவெளிக்கு மட்டும். கட்டுரையாளருக்குத் திருத்தத்தை அனுப்பும்போது காரணத்தையும் அனுப்புகிறோம். சிலர் கிளாட்ஸ்டன் மாதிரி மல்லுக்கு நிற்கிறார்கள். ஒருவர் ஒற்றை ‘ப்’புக்காக மூன்று நாள் சண்டை போட்டார். அவர் சொன்னதுதான் சரி என்று பிறகு தெரிந்தது. அதையும் அவர் பெயர் போட்டு அட்டவணையில் சேர்த்திருக்கிறோம்.

பதினேழாவது விதியில் நெரை இருக்கிறது. முப்பத்திரண்டாவது வரி இன்னும் காலி. கோலாலம்பூரா கோலாலும்பூரா என்று வாட்ஸாப் குழுவில் ஒன்பது வாரமாகப் போய்க்கொண்டிருக்கிறது. நேற்று இரவு பன்னிரண்டரைக்கு ஈப்போ ஐயா ஒரு குரல் பதிவு போட்டார். ‘லு’வுக்குத் தனிக் கட்டை, அது எப்போதும் பெட்டியில் தீர்ந்துபோகும், அதனால் அவர்கள் அச்சகத்தில் ‘ல’ போட்டார்களாம். இதைக் காரணக் கட்டத்தில் எழுதலாமா என்று நண்பர்களைக் கேட்டிருக்கிறேன். இன்னும் யாரும் பதில் போடவில்லை.